மாற்றிய முழங்காலில் பூஞ்சைத் தொற்று: வாசகர் கேள்விகளும் மருத்துவர் பதில்களும்

முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும் அவர்களுடைய வீட்டாரும் அனுப்பிய கடிதங்களில், பூஞ்சைத் தொற்று பற்றியவற்றை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறேன். இது மிக அரிதான தொற்று. மாற்றிய முழங்கால்களில் நூற்றுக்கு ஒன்றிரண்டில்தான் தொற்றே ஏற்படுகிறது. அவ்வாறு ஏற்படுபவற்றிலும் நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்றுதான் பூஞ்சையால் வருவது, மற்றவை பெரும்பாலும் பாக்டீரியாவால் வருபவை. ஆகவே மூட்டு மாற்றிக்கொண்ட எல்லோரும் இதைப் படித்து அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் வந்துவிட்டவர்களுக்கு நோயின் வலி ஒருபுறம் இருக்க, தெளிவாக எடுத்துச் சொல்ல ஆளில்லாத தவிப்பு இன்னொரு புறம் இருப்பதைக் கடிதங்களில் காண்கிறேன்.

கேள்வி: என் தாயாருக்கு வயது 67. நெடுங்காலமாகச் சர்க்கரை நோய் உண்டு. ஒன்றரை ஆண்டுகளுக்கு முன் வலது முழங்கால் மாற்றப்பட்டது. மூன்றாம் மாதத்தில் தையல் போட்ட இடத்தில் நீர் கசிந்ததால் மீண்டும் திறந்து கழுவினார்கள். அதன்பின் பல மாதங்கள் ஆன்டிபயாடிக் கொடுத்தும் வீக்கம் குறைவதும் கூடுவதுமாகவே இருந்தது. இப்போது மூட்டு நீரைக் கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) செய்ததில் கேண்டிடா என்ற பூஞ்சை இருப்பதாக இரண்டு முறை அறிக்கை வந்துவிட்டது. வைத்த மூட்டையே எடுத்துவிட வேண்டும் என்கிறார்கள். மாத்திரையிலேயே குணப்படுத்த வழியில்லையா, டாக்டர்?
– ஈரோட்டிலிருந்து ஒரு வாசகி

பதில்: உங்கள் தாயாரின் உடல்நிலை அறுவை சிகிச்சையைத் தாங்கும் என்றால், மூட்டை எடுக்கச் சொல்லும் மருத்துவரின் முடிவு சரியானதுதான். கடன் வாங்கியோ சேமிப்பைக் கரைத்தோ வைத்த மூட்டை எடுக்கச் சொல்லும்போது ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு மனச்சோர்வு வரும் என்பதை அறிவேன். ஆனாலும் காரணத்தைப் புரிந்துகொண்டால் முடிவெடுப்பது சற்று எளிதாகும்.

கேண்டிடா வெளியிலிருந்து வந்து தாக்கும் புதிய எதிரி அன்று. நம்மில் பலருடைய வாயிலும் குடலிலும் தோலிலும் அது இயல்பாகவே வாழ்கிறது. நம் உடலின் எதிர்ப்பாற்றலும் அங்கேயே வாழும் நல்ல பாக்டீரியாக்களும் அதை ஓர் அளவுக்குள் வைத்திருக்கின்றன. மாதக்கணக்கில் ஆன்டிபயாடிக் கொடுக்கும்போது அந்தப் பாக்டீரியாக்கள் மடிய, பூஞ்சை பெருக இடம் கிடைக்கிறது. சர்க்கரை கட்டுக்குள் இல்லாதபோது வெள்ளணுக்கள் மந்தமாகின்றன. ஒரே முழங்காலை மறுபடியும் திறக்கும்போது கிருமி உள்ளே செல்ல வழி ஏற்படுகிறது. பூஞ்சைத் தொற்று வந்தவர்களின் வரலாற்றைக் கேட்டால் இந்த மூன்றில் ஒன்றாவது பெரும்பாலும் இருக்கும்; உங்கள் தாயாரிடம் மூன்றும் சேர்ந்துவிட்டன. முடக்குவாதத்துக்காக ஸ்டீராய்டு போன்ற எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்துகளை உட்கொள்பவர்களும், சிறுநீரகச் செயலிழப்பு உள்ளவர்களும், ஊட்டம் குன்றியவர்களும் இதே ஆபத்தில் இருப்பவர்கள்.

மாத்திரை மட்டும் ஏன் போதாது என்பது அடுத்தது. செயற்கை மூட்டு உலோகத்தாலும் பிளாஸ்டிக்காலும் ஆனது. அதற்குள் இரத்த ஓட்டம் கிடையாது. கேண்டிடா அதன் மேல் ஒட்டிக்கொண்டு, குளத்துப் படிக்கட்டில் பாசி படிவதைப் போல, வழவழப்பான ஒரு படலத்தைத் தானே சுரந்து அதற்குள் பதுங்கிவிடுகிறது. மருத்துவத்தில் இதைப் பயோஃபிலிம் என்கிறோம். மூட்டு நீரில் மிதக்கும் பூஞ்சையை மருந்து கொல்லும். வீக்கம் வடியும், வலி குறையும், குடும்பமே நிம்மதி கொள்ளும். படலத்துக்குள் இருப்பவை பிழைத்திருந்து, மருந்தை நிறுத்திய சில வாரங்களில் மறுபடியும் கிளம்பும். ஃப்ளுகோனசோல் என்ற பூஞ்சை எதிர்ப்பு மாத்திரை இந்தப் படலத்தின் முன் பெரிதும் வலுவிழக்கிறது. கேஸ்போஃபங்கின், மைக்காஃபங்கின், அனிடுலாஃபங்கின் ஆகிய நரம்பூசி மருந்துகளும் லைப்போசோமல் ஆம்போடெரிசின் பி மருந்தும் இதைவிட வலுவானவை என்றாலும், உலோகம் உள்ளே இருக்கும்வரை அவற்றாலும் முற்றாகத் துடைத்தெடுக்க முடிவதில்லை. அமெரிக்கத் தொற்றுநோய்ச் சங்கம் 2016ஆம் ஆண்டு வெளியிட்ட கேண்டிடா சிகிச்சை நெறிமுறையும், செயற்கை மூட்டில் தொற்று வந்தால் அதை அகற்றுவதையே பரிந்துரைக்கிறது.

மூட்டை எடுக்காமல் திறந்து கழுவி, நடுவிலுள்ள பிளாஸ்டிக் துண்டை மட்டும் மாற்றும் முறை ஒன்று உண்டு. அறுவை சிகிச்சை முடிந்த சில வாரங்களுக்குள் வரும் பாக்டீரியாத் தொற்றில் அது பலருக்குப் பலன் தருகிறது. பூஞ்சையில் பெரும்பாலும் தோற்றுவிடுகிறது. அதை இன்னொரு முறை முயன்று பார்க்கலாம் என்று யாராவது சொன்னால், எந்த அடிப்படையில் சொல்கிறார் என்று தயங்காமல் கேளுங்கள்.

உங்கள் மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டியவை இரண்டு. எந்த வகைக் கேண்டிடா என்பது ஒன்று. எந்த மருந்துக்கு அது கட்டுப்படும் என்ற பரிசோதனை முடிவு மற்றொன்று. கேண்டிடா அல்பிகன்ஸ் வகை பெரும்பாலும் ஃப்ளுகோனசோலுக்குக் கட்டுப்படும். கிளாப்ராட்டா வகைக்கு அதிக அளவு தேவைப்படலாம், அப்போதும் கேட்காமல் போகலாம். குரூசை வகை இயல்பிலேயே ஃப்ளுகோனசோலுக்கு அடங்காது. 2009இல் ஜப்பானில் ஒரு நோயாளியின் காதிலிருந்து முதன்முதலாக இனங்காணப்பட்டு, இப்போது இந்தியத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளிலும் காணப்படும் ஆரிஸ் வகையில் பெரும்பாலானவை ஃப்ளுகோனசோலை எதிர்த்து நிற்பவை. ஆகவே 'கேண்டிடா' என்று மட்டும் சொல்லும் அறிக்கை பாதி அறிக்கைதான். கூடவே பாக்டீரியாவும் இருக்கிறதா என்பதையும் கேளுங்கள்; இரண்டும் சேர்ந்திருப்பது அபூர்வமன்று.

கேள்வி: என் கணவருக்கு இதே தொற்றுக்காக மூட்டை எடுத்துவிட்டுச் சிமென்ட் வைத்திருக்கிறார்கள். இரண்டாவது அறுவை சிகிச்சை எப்போது என்று கேட்டால், 'பார்க்கலாம்' என்றே சொல்கிறார்கள். இடைப்பட்ட காலத்தில் அவர் எழுந்து நடக்கலாமா? வீட்டில் நான் எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?
– நாகர்கோவிலிலிருந்து ஒரு வாசகி

பதில்: உங்கள் கணவருக்கு நடந்திருப்பது இரண்டு கட்டச் சிகிச்சையின் முதல் கட்டம். செயற்கை மூட்டையும் அதை எலும்போடு ஒட்டியிருந்த பழைய சிமென்ட்டையும் எடுத்து, தொற்றுள்ள திசுக்களைச் சுரண்டிக் கழுவி, வெற்றிடத்தில் மருந்து கலந்த சிமென்ட்டால் ஆன ஸ்பேசரை வைக்கிறார்கள். அதில் பூஞ்சைக்காக ஆம்போடெரிசின் பி தூளையும், பாக்டீரியாவுக்காக வான்கோமைசின் போன்றவற்றையும் கலப்பது வழக்கம். சிமென்ட்டிலிருந்து மருந்து மெல்லக் கசிந்து அந்த இடத்தில் வேலை செய்யும். ஆனால் கசியும் அளவு ஒரே சீராக இருப்பதில்லை என்பதால், நரம்பு வழியாகவோ வாய் வழியாகவோ கொடுக்கும் மருந்தையே முதன்மையாக நம்ப வேண்டும்.

அந்த மருந்து குறைந்தது 6 வாரங்களாவது தேவை. பெரும்பாலும் முதலில் இரண்டு வாரமோ அதற்கு மேலோ நரம்பூசியாகக் கொடுத்து, பூஞ்சை கட்டுப்படும் வகை என்றால் ஃப்ளுகோனசோல் மாத்திரைக்கு மாற்றுவார்கள். இரண்டாம் கட்டம் எப்போது என்பதற்கு நாள்காட்டி மட்டும் விடை சொல்லாது. புண் முழுவதும் ஆறியிருக்க வேண்டும், வீக்கமும் சூடும் அடங்கியிருக்க வேண்டும், இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. அளவுகள் இறங்குமுகமாக இருக்க வேண்டும். சர்க்கரையும் ஊட்டமும் சீராக வேண்டும். பூஞ்சைத் தொற்றில் இந்த இடைவெளி 3 முதல் 6 மாதங்கள் வரை நீள்வது வழக்கமே. மருத்துவர் 'பார்க்கலாம்' என்று சொல்வது அலட்சியமாக உங்களுக்குத் தோன்றலாம். ஆனால் தொற்று அடங்கும் முன் அவசரப்பட்டுப் புது மூட்டை வைத்தால், அதையும் இழக்க நேரிடும். எந்தெந்த அறிகுறிகளைக் கண்டபின் இரண்டாம் கட்டத்துக்குச் செல்வார் என்பதை அவரிடம் தெளிவாகக் கேட்டுக்கொள்வது உங்கள் உரிமை.

நடப்பது பற்றி: ஸ்பேசரில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் முழங்காலை ஓரளவு மடக்கலாம்; மற்றொன்றில் மடக்கவே கூடாது, காலை நேராக வைத்துப் பட்டை போட வேண்டும். எந்த வகை என்று தெரியாமல் வீட்டில் பயிற்சி செய்ய வைக்காதீர்கள். இரண்டிலுமே முழு எடையையும் அந்தக் காலில் ஊன்றாமல், அனுமதித்த அளவுக்கு மட்டும் வாக்கரின் துணையோடு நடப்பதுதான் பாதுகாப்பு. படுத்தே இருந்தால் தொடைத் தசை மெலிந்துவிடும், காலின் இரத்தக் குழாயில் இரத்தம் உறையவும் கூடும். ஆகவே பிசியோதெரபிஸ்ட் சொல்லும் கணுக்கால், தொடைப் பயிற்சிகளை நாள்தோறும் செய்ய வையுங்கள். வீட்டில் இந்தியக் கழிப்பறைதான் உண்டு என்றால், மேலே வைத்து உட்காரும் நாற்காலியை இப்போதே வாங்கிவிடுங்கள்.

நரம்பூசிக்காகக் கையில் நீண்ட குழாய் வைத்து அனுப்பியிருந்தால் அதைத் தனிக் கவனத்தோடு பாருங்கள். அந்தக் குழாயே கேண்டிடா இரத்தத்துக்குள் நுழையும் வழியாகிவிடக்கூடும். குளிக்கும்போது நனையக் கூடாது. கட்டு மாற்றுவதைப் பயிற்சி பெற்ற செவிலியரே செய்ய வேண்டும். அந்த இடம் சிவந்தாலோ, மருந்து ஏறும்போது குளிர்நடுக்கம் வந்தாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். ஆம்போடெரிசின் ஏற்றும் நாட்களில் வாரம் இரண்டு முறையாவது இரத்தத்தில் கிரியேட்டினின், பொட்டாசியம், மெக்னீசியம் பார்க்கப்படுகின்றனவா என்று கேளுங்கள். அது சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய மருந்து. லைப்போசோமல் வகையில் அந்தப் பாதிப்பு குறைவு, இல்லை என்று சொல்லிவிட முடியாது.

புது மூட்டு வைத்தபின்னும் மருந்து உடனே நிற்காது. பல மையங்களில் மேலும் 3 முதல் 6 மாதங்கள், சிலருக்கு ஓராண்டு வரையிலும் மாத்திரை தொடர்கிறது. அதற்கான செலவையும் மனத்தையும் இப்போதே தயார்செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: எனக்கு வயது 58. இடது முழங்கால் மாற்றி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. ஆறு மாதங்களாக அந்த முட்டியில் மந்தமான வலியும் இலேசான வீக்கமும் இருக்கின்றன, காய்ச்சல் இல்லை. சி.ஆர்.பி. கிட்டத்தட்ட இயல்பான அளவில் இருக்கிறது. ஒருமுறை ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்த்ததில் 'ஈஸ்ட்' வளர்ந்தது என்று வந்தது. அது ஆய்வகத்தில் கலந்த அசுத்தமாக இருக்கும் என்று விட்டுவிட்டார்கள். இப்போது பத்து நாள் ஆன்டிபயாடிக் கொடுத்துப் பார்க்கலாம் என்கிறார் எங்கள் ஊர் மருத்துவர். எடுத்துக்கொள்ளலாமா?
– மதுரையிலிருந்து ஒரு வாசகர்

பதில்: வேண்டாம். இந்தப் பகுதியில் நான் எழுதுவனவற்றில் ஒன்றே ஒன்றை நினைவில் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள்: மாற்றிய முழங்காலில் வலியும் வீக்கமும் வந்தால், அவசர நிலை இல்லாதவரை, மூட்டு நீரை எடுத்துச் சோதிக்கும் முன் ஒரு வேளை ஆன்டிபயாடிக்கூட உட்கொள்ளக் கூடாது. உட்கொண்டால் இருக்கும் பாக்டீரியா கல்ச்சரில் வளராமல் மறைந்துகொள்ளும். இருக்கும் பூஞ்சைக்கோ அது சாதகமாகவே முடியும். ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்தால், முடிந்தவரை இரண்டு வாரம் நிறுத்திவிட்டு நீர் எடுப்பதுதான் முறை. இதற்கு விலக்கு உண்டு: கடும் காய்ச்சல், நடுக்கம், இரத்த அழுத்தம் தாழ்தல், மயக்கம் இருந்தால் காத்திருக்கக் கூடாது, அப்போது மருத்துவமனையில் சேர்த்து, இரத்தமும் மூட்டு நீரும் எடுத்தவுடனேயே மருந்தைத் தொடங்குவார்கள்.

பூஞ்சைத் தொற்று ஆரவாரமின்றி வருவது. பாக்டீரியா போலக் காய்ச்சலும் சிவப்பும் கடும் வலியுமாக வராமல், மாதக்கணக்கில் மந்தமான வலியாக, மாலையில் கூடும் வீக்கமாக, முழுவதும் மடங்க மறுக்கும் முட்டியாக இருந்துகொண்டிருக்கும். சி.ஆர்.பி. இயல்பாக இருப்பதால் மட்டும் தொற்று இல்லை என்று முடிவு செய்துவிட முடியாது. எக்ஸ்-ரேயில் மூட்டு எலும்பிலிருந்து தளர்ந்ததுபோல் தெரிந்தால், அது தேய்மானமா தொற்றா என்பதையும் மூட்டு நீர்தான் சொல்ல வேண்டும்.

'ஈஸ்ட்' என்று வந்த அறிக்கையைக் கிழித்தெறிய வேண்டாம், பத்திரமாக வைத்திருங்கள். கேண்டிடா ஈஸ்ட் வகையைச் சேர்ந்த பூஞ்சையே. அது தோலிலும் இருப்பதால் ஒரே ஒரு மாதிரியில் வந்ததை வைத்து மூட்டைத் திறந்துவிட முடியாது என்பது உண்மை. ஆனால் செயற்கை மூட்டு நீரில் ஈஸ்ட் வந்தால் அதை அசுத்தம் என்று ஒதுக்குவது ஆபத்தானது. மறுபடியும் எடுத்துப் பார்ப்பதே சரி. 2018இல் பிலடெல்ஃபியாவில் கூடிய பன்னாட்டு வல்லுநர் மாநாடு வகுத்த அளவுகோலின்படி, ஒரே கிருமி இரண்டு மாதிரிகளில் வளர்ந்தாலோ, மூட்டிலிருந்து தோல்வரை சீழ் வழியும் துளை இருந்தாலோ தொற்று உறுதி. இவை இல்லாதபோது, நாட்பட்ட நிலையில் மூட்டு நீரின் ஒரு மைக்ரோ லிட்டரில் 3,000க்கு மேல் வெள்ளணுக்கள் இருப்பதும், அவற்றில் பெரும்பகுதி நியூட்ரோஃபில் என்ற வகையாக இருப்பதும் மற்ற அடையாளங்களோடு சேர்த்துக் கணக்கில் எடுக்கப்படும்.

நீர் எடுக்கப் போகும்போது, 'பூஞ்சைக் கல்ச்சரும் வேண்டும், முன்பு ஈஸ்ட் வளர்ந்தது' என்று சீட்டில் எழுதித் தரும்படி மருத்துவரிடம் கேளுங்கள். சாதாரணக் கல்ச்சரை ஆய்வகம் ஐந்தாறு நாளில் முடித்து அறிக்கை தந்துவிடும். பூஞ்சைகளில் சில மெதுவாக வளர்பவை. அவற்றுக்கான ஊட்டத்தட்டில் 4 வாரம்வரை வைத்துப் பார்க்க வேண்டும். அறுவை சிகிச்சை தேவைப்பட்டால், வெவ்வேறு இடங்களிலிருந்து ஐந்து திசுத் துண்டுகளாவது எடுத்து, கல்ச்சருக்கும் நுண்ணோக்கிச் சோதனைக்கும் தனித்தனியே அனுப்புவார்கள். வெளிச் சீழைப் பஞ்சில் தொட்டு எடுத்துச் செய்யும் கல்ச்சரை நம்பி மருந்து முடிவு செய்யாதீர்கள். தோலில் இருப்பதும் உள்ளே இருப்பதும் ஒன்றாகவே இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை.

கேள்வி: முழங்கால் பூஞ்சைத் தொற்றுக்காக ஃப்ளுகோனசோல் 400 மி.கி. தினமும் சாப்பிடுகிறேன். சர்க்கரைக்கு கிளைமெபிரைடும் மெட்ஃபார்மினும், கொழுப்புக்கு அட்டோர்வாஸ்டாட்டினும் எடுத்துக்கொள்கிறேன். ஒரு வாரமாக அதிகாலையில் வியர்த்து, கை நடுங்குகிறது. பூஞ்சை மருந்து ஒத்துக்கொள்ளவில்லையா?
– கரூரிலிருந்து ஒரு வாசகர்

பதில்: நீங்கள் சொல்லும் அறிகுறிகள் சர்க்கரை தாழ்வதைக் காட்டுகின்றன. இதழ் உங்கள் கைக்கு வரும்வரை காத்திருக்கக் கூடாது என்பதால் உங்களுக்கு ஏற்கெனவே தனியாகப் பதில் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். மற்றவர்களுக்கும் பயன்படும் என்பதால் இங்கேயும் எழுதுகிறேன். கிளைமெபிரைட், கிளிபிசைட், கிளிபென்கிளமைட் போன்ற சர்க்கரை மாத்திரைகளைக் கல்லீரல் சிதைத்து வெளியேற்றும் வேலையை ஃப்ளுகோனசோல் தடுக்கிறது. அதனால் வழக்கமான அளவே உடலில் கூடுதலாகத் தங்கி, சர்க்கரையை அளவுக்கு மீறித் தாழ்த்திவிடுகிறது. நடுக்கம் வரும்போது குளுகோமீட்டரில் பாருங்கள். 70க்குக் கீழே இருந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையையோ குளுக்கோஸையோ நீரில் கலந்து குடித்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதியுங்கள். சர்க்கரை மருத்துவரை உடனே பார்த்து கிளைமெபிரைடின் அளவைக் குறைக்கவோ மாற்றவோ செய்யுங்கள். மெட்ஃபார்மினில் இந்தச் சிக்கல் இல்லை. ஃப்ளுகோனசோலை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

அட்டோர்வாஸ்டாட்டினும் இதேபோல் உடலில் கூடித் தசைகளைப் பாதிக்கலாம். சிம்வாஸ்டாட்டினில் இது இன்னும் அதிகம். உடல் முழுக்கத் தசைவலியோ, சிறுநீர் கறுத்துப் போவதோ இருந்தால் தாமதிக்கக் கூடாது. இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்களுக்கு இரத்தக் கசிவும், வலிப்புக்காகப் பெனிடாயின் எடுப்பவர்களுக்குத் தள்ளாட்டமும் வரலாம். குளோபிடோக்ரெல் மாத்திரையின் வலிமையோ குறைந்துபோகலாம். பெரும்பாலான மூட்டு நோயாளிகள் முதியவர்கள், ஐந்தாறு மாத்திரைகள் சாப்பிடுபவர்கள். ஃப்ளுகோனசோல் எழுதித்தரும் நாளன்றே எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் சென்று மருத்துவரின் மேசையில் வைத்துவிடுங்கள். கல்லீரல் பரிசோதனையும், முதியவர்களுக்கு இ.சி.ஜி.யும் இடையிடையே வேண்டும். சிறுநீரகம் குறைவாக வேலை செய்தால் அளவைப் பாதியாக்க வேண்டியிருக்கும். மாதக்கணக்கில் சாப்பிடும்போது உதடு வறள்வதும் முடி கொட்டுவதும் உண்டு. மருந்து நின்றபின் முடி திரும்ப வளரும்.

கேள்வி: கொரோனா காலத்தில் வந்த கறுப்புப் பூஞ்சையும் இதுவும் ஒன்றா? வீட்டில் மற்றவர்களுக்குத் தொற்றுமா?
– திருவண்ணாமலையிலிருந்து ஒரு வாசகர்

பதில்: இரண்டும் வேறு. 2021இல் மூக்கையும் கண்ணையும் தாக்கியது மியூகர் இனப் பூஞ்சை. அது நாட்கணக்கில் திசுக்களை அழிப்பது, ஃப்ளுகோனசோலுக்கு அடங்காதது. முழங்காலில் வருவது பெரும்பாலும் கேண்டிடா. மாதக்கணக்கில் மெல்லப் பரவுவது. ஆம்போடெரிசின் பி இரண்டுக்கும் பயன்படுவதாலும், அந்த ஆண்டில் அது கிடைக்காமல் மக்கள் அலைந்ததாலும் இந்தக் குழப்பம் வந்திருக்கிறது. முழங்காலுக்குள் இருக்கும் பூஞ்சை உடன் வாழ்பவர்களுக்குத் தொற்றாது. கட்டு மாற்றும்போது கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். ஆரிஸ் வகை மட்டும் மருத்துவமனைக்குள் ஒரு நோயாளியிடமிருந்து மற்றொருவருக்குப் பரவக்கூடியது என்பதால், அங்கே தனி அறையில் வைப்பார்கள். அதை அவமதிப்பாக எண்ண வேண்டாம்.

கேள்வி: பூஞ்சை நோய் என்பதால் காளான், தயிர், புளித்த இட்லி மாவு எதுவும் கூடாது என்று உறவினர்கள் சொல்லி, என் மாமியாருக்குக் கஞ்சியும் ரசச் சோறும் மட்டுமே கொடுக்கிறோம். சரிதானா?
– சேலத்திலிருந்து ஒரு வாசகி

பதில்: அக்கறையோடுதான் செய்கிறீர்கள், ஆனால் அது அவருக்குக் கெடுதல் செய்கிறது. காளானும் தயிரும் புளித்த மாவும் முழங்காலிலுள்ள பூஞ்சையை வளர்ப்பதில்லை. கஞ்சியும் ரசச் சோறும் மட்டும் உண்டால் புரதம் கிடைக்காமல், இரத்தத்திலுள்ள ஆல்புமின் என்ற புரதம் தாழும். ஆல்புமின் தாழ்ந்தால் புண் ஆறாது, எதிர்ப்பாற்றல் குன்றும், இரண்டாவது அறுவை சிகிச்சையும் தள்ளிப்போகும். முட்டை, மீன், கோழி, பருப்பு, சுண்டல், தயிர் ஆகியவற்றில் அவர் விரும்புவதை நாள்தோறும் கொடுங்கள். சிறுநீரக நோய் இருந்தால் மட்டும் புரத அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சர்க்கரை நோய் இருந்தால் கஞ்சி இரத்தச் சர்க்கரையை விரைவாக ஏற்றும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 'புண்ணுக்கு ஆகாது' என்று முட்டையையும் மீனையும் விலக்கும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. ஆறவேண்டிய புண்ணுக்கு அவைதாம் வேண்டியவை.

கேள்வி: வயல் வேலை செய்யும் என் அப்பாவுக்கு அடுத்த மாதம் முழங்கால் மாற்றப் போகிறோம். கால்விரல் இடுக்கில் சேற்றுப்புண்ணும் தொடை இடுக்கில் படர்தாமரையும் இருக்கின்றன. அந்தப் பூஞ்சை மூட்டுக்குள் போய்விடுமா?
– தஞ்சாவூரிலிருந்து ஒரு வாசகர்

பதில்: படர்தாமரையை உண்டாக்கும் பூஞ்சை தோலின் மேலடுக்கை உண்டு வாழ்வது, மூட்டுக்குள் இறங்குவது மிக மிக அரிது. ஆனால் சொறிந்த இடத்திலும் விரல் இடுக்கு வெடிப்பிலும் பாக்டீரியா நுழையும். அது மூட்டுக்குப் போகக்கூடும். ஆகவே இரண்டும் ஆறியபின் அறுவை சிகிச்சைக்குத் தேதி குறிப்பதே நல்லது; நீங்கள் இதை முன்கூட்டியே கேட்டது மிகச் சரி. மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் மூன்று மருந்து, நான்கு மருந்து கலந்த களிம்புகளைத் தடவாதீர்கள். அவற்றில் கலந்துள்ள ஸ்டீராய்டு அரிப்பை உடனே அடக்கினாலும், பூஞ்சையைப் பரப்பி, தோலை மெலியச் செய்துவிடும். தோல் மருத்துவரிடம் காட்டி முறையாக ஆற்றிவிடுங்கள்.

சர்க்கரை இருந்தால் மூன்று மாதச் சராசரியான ஹெச்பிஏ1சி 7.5 முதல் 8க்குள் வந்தபின் அறுவை சிகிச்சை செய்வதையே பெரும்பாலான மருத்துவர்கள் விரும்புகிறார்கள். முட்டியில் ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால் அதிலிருந்து மூன்று மாதமாவது இடைவெளி வேண்டும். வலிக்காக அவர் பெயர் தெரியாத பொடியோ மாத்திரையோ சாப்பிட்டுவருகிறார் என்றால், மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். அவற்றில் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பதுண்டு.

கேள்வி: என் தந்தைக்கு வயது 79. இதயம் பலவீனமாக இருப்பதால் மூட்டை எடுக்கும் அறுவை சிகிச்சையைத் தாங்கமாட்டார் என்று மயக்க மருந்து நிபுணர் சொல்லிவிட்டார். கேண்டிடா அல்பிகன்ஸ் என்று அறிக்கை வந்திருக்கிறது. இனி ஒன்றும் செய்ய முடியாதா? காலை எடுக்க வேண்டி வருமா?
– திருநெல்வேலியிலிருந்து ஒரு வாசகர்

பதில்: செய்ய நிறையவே இருக்கிறது. மூட்டை எடுக்க முடியாதவர்களுக்கு, பூஞ்சை கட்டுப்படும் வகை என்றால், ஃப்ளுகோனசோலை நீண்ட காலத்துக்கு, தேவைப்பட்டால் ஆயுள் முழுவதும் கொடுத்துத் தொற்றை அடக்கி வைக்கலாம். முன்பு சொன்ன 2016ஆம் ஆண்டு நெறிமுறையும் இதை ஏற்கிறது. இங்கே நோக்கம் பூஞ்சையை ஒழிப்பதன்று; வலி குறைந்து, அவர் வீட்டுக்குள் நடமாடி, தொற்று இரத்தத்துக்குப் பரவாமல் வாழ்வதே. அறிக்கையில் அல்பிகன்ஸ் என்றிருப்பது உங்களுக்குச் சாதகமான செய்தி. எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்ற சோதனையும் அவ்வாறே வந்திருக்கிறதா என்று பாருங்கள். இதய மாத்திரைகளோடு இந்த மருந்து மோதக்கூடும் என்பதால், கரூர் வாசகருக்கு எழுதியது உங்களுக்கு இரு மடங்கு பொருந்தும். இதய மருத்துவரையும் கலந்துகொண்டே தொடங்குங்கள்.

தாங்கமாட்டார் என்பது ஒருவருடைய கருத்தா, இதய மருத்துவரும் மயக்க மருந்து நிபுணரும் எலும்பு மருத்துவரும் சேர்ந்து எடுத்த முடிவா என்பதையும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். சிலருக்கு இதயத்தை மருந்தால் சீராக்கிய சில மாதங்களுக்குப் பின், முதுகில் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்து அறுவை சிகிச்சை செய்ய முடிந்திருக்கிறது. புது மூட்டு வைக்க முடியாத நிலையில், தொற்றை அகற்றி, தொடை எலும்பையும் கால் எலும்பையும் நேராக இணைத்துவிடும் முறையும் உண்டு. முட்டி மடங்காது என்றாலும் வலியின்றி ஊன்றி நடக்கலாம். காலை எடுப்பது, தொற்று உயிருக்கே ஆபத்தாக மாறி மற்ற வழிகள் எல்லாம் தோற்றபின் வரும் கடைசி முடிவு. உங்கள் கடிதத்தில் சொல்லியிருப்பவற்றைக் கொண்டு பார்த்தால் உங்கள் தந்தை அந்த இடத்தில் இல்லை.

காய்ச்சலும் நடுக்கமும் வந்தால் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று இரத்தக் கல்ச்சர் எடுக்கச் சொல்லுங்கள். இரத்தத்தில் கேண்டிடா இருப்பது தெரிந்தால் கண் மருத்துவரும் விழித்திரையைப் பார்க்க வேண்டும், ஏனெனில் அது கண்ணுக்குள் பரவிப் பார்வையைப் பறிக்கக்கூடியது. மற்றபடி, மாதம் ஒருமுறை கல்லீரல் பரிசோதனை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை எலும்பு மருத்துவர், வீட்டில் தோலைத் தினமும் பார்த்து எங்காவது சீழ்த்துளை தெரிகிறதா என்று கவனிப்பது ஆகிய இவற்றை நீங்கள் தவறாமல் செய்துவாருங்கள்.